முதல் தட்டு காலி

"ரெக்கேன்னா என்னல, ரெக்கார்டு நோட்டா?" என்று கேட்டான் விடுதியில் என் பக்கத்துக் கட்டில்காரன். சிரிக்காதீர்கள் நண்பர்களே, நானும் ஒரு காலத்தில் அப்படித்தான்.

விளாத்திகுளத்தில் மாமாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது 'லவ் பேர்ட்ஸ்' கேசட். 1996-இல் வந்த படம், ரஹ்மான் இசை. அதில் 'நோ பிராப்ளம்' பாட்டில் ஒரு குரல் பேசுவதுபோலவே பாடும். அபாச்சி இந்தியன்! இங்கிலாந்தில் பிறந்த பஞ்சாபிக்காரர். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் தாளத்தில் பஞ்சாபியைக் கலந்து, 1993-இல் கல்யாணத்துக்குப் பொண்ணு தேடியே ஒரு பாட்டுப் பாடியவர். அவரைப் பிடித்துக்கொண்டு செல்போனில் பாப் மார்லி வரை போய்விட்டேன்.

ரெக்கேயில் நாலு எண்ணினால், பல பாட்டில் முதல் எண்ணிக்கைக்கு டிரம் விழாது. மூணாவதில்தான் 'தும்'. 'ஒன் டிராப்' என்பார்கள். கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும் எங்க அய்யா, அரிவாளை ஓங்கி ஒரு நொடி நிறுத்தித்தான் போடுவார். அந்த நிறுத்தம்தான் ரெக்கே.

பாட்டு வரிகளுக்கு அகராதியைப் புரட்டினேன். பாதிச் சொல் இல்லை! அது 'பாட்வா'. கரும்புத் தோட்டத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோனவர்களின் வம்சம் பேசும் பேச்சு. (1845-லிருந்து நம்ம நாட்டுக் கூலிகளும் அந்தத் தீவுக்குக் கப்பலேறியிருக்கிறார்கள்.) கொச்சை என்று ஒதுக்கிய பேச்சையே பாட்டாக்கி உலகத்தை ஆடவைத்துவிட்டார்கள். நம்ம இடைசெவல் கி.ரா. கரிசல் பேச்சில் எழுதி 1991-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினாரே, அப்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஜமைக்காக்காரன் வந்துதான் உறைத்தது.

ஏன் உறைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் ஃபீஸ் கட்ட அய்யா வந்தார். நகக்கண்ணெல்லாம் கரி. "ஏ தம்பி, பணம் எங்கன கெட்டணும்?" என்று சத்தமாகக் கேட்டார். கூட நின்றவன் "யாருடா?" என்றான். "ஊர்க்காரர்" என்றேன்.

அய்யா காதில் விழுந்ததா, தெரியாது. பஸ் ஏறும்போது இருபது ரூபாய் கையில் திணித்துவிட்டுப் போனார்.

போன லீவில் மூட்டத்துக்குக் காவல் இருந்த ராத்திரி, அய்யாவுக்கு மார்லி பாட்டைப் போட்டுக் காட்டினேன். புகை கண்ணைக் கரித்தது. கடைசிவரை கேட்டுவிட்டு, "பாஷ வெளங்கல. ஆனா பாடுபட்டவம் பாட்டு மாதிரி இருக்கு. எந்த ஊர்க்காரம்ல இவன்?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்த மலர் வெளியிடும் ஆண்டு விழாவுக்கு அய்யாவை வரச்சொல்லியிருக்கிறேன். "நல்ல சட்ட ஒண்ணும் இல்லியேல" என்கிறார். இருக்கிறதைப் போட்டுக்கிட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று யாராவது கேளுங்களேன்.