உங்கள் வீட்டு வீடியோ கேம் எந்தத் தலைமுறை?

வீடியோ கேம் வரலாறு என்று எதைப் படித்தாலும் ஒரு கணக்கு வந்துவிடும். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று ஆரம்பித்து ஒன்பது வரை போகும். பள்ளிப் புத்தகத்தில் ராஜாக்களின் வம்சாவளி படித்தோமே, அதே மாதிரிதான். மகன் பட்டத்துக்கு வந்தால் அப்பா கதை முடிந்தது! எனக்கும் இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் இதில் ஒரு பெரிய விஷயம் விட்டுப் போகிறது என்பது என் கட்சி. அதைச் சொல்லும் முன், கணக்கை ஒரு ஓட்டம் பார்த்துவிடலாம்.

1972-ல் அமெரிக்காவில் வந்த மேக்னவாக்ஸ் ஒடிசிதான் வீட்டு டிவியோடு இணைத்து விளையாடிய முதல் பெட்டி. ரால்ஃப் பேயர் என்ற பொறியாளரின் யோசனை அது. சத்தம் கிடையாது, கலரும் கிடையாது. திரையில் சில வெள்ளைச் சதுரங்களும் ஒரு கோடும் தெரியும். டென்னிஸ் மைதானம் வேண்டுமென்றால், படம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாளை டிவி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்! இது முதல் தலைமுறை.

1976-ல் ஜெர்ரி லாசன் தலைமையிலான குழு உருவாக்கிய ஃபேர்சைல்ட் சேனல் எஃப் வந்தது. கேம் பெட்டிக்குள் இல்லாமல் தனியாகச் செருகும் கேசட்டில் இருந்தது இதன் சிறப்பு. அடுத்த ஆண்டு வந்த அட்டாரி 2600-ல் நினைவகம் வெறும் 128 பைட். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்த ஒரே ஒரு வாக்கியத்தைச் சேமித்து வைக்கக்கூட அந்த இடம் போதாது. இது இரண்டாவது.

1983-ல் அமெரிக்கக் கடைகளில் மோசமான கேம்கள் மலை மாதிரி குவிந்து வியாபாரமே படுத்துவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஜப்பானில் நின்டெண்டோ ஃபேமிகாம் பெட்டியை விற்க ஆரம்பித்தது. 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய கம்பெனி இது! 1985-ல் இதே பெட்டி என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. அந்த ஆண்டு வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் பூ போட்ட குட் மார்னிங் படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது. இது மூன்றாவது.

பிறகு சேகா மெகா டிரைவும் சூப்பர் ஃபேமிகாமும் நான்காவது. 1994-ல் சிடியோடு வந்த சோனி பிளேஸ்டேஷன் ஐந்தாவது. 2000-ல் பிளேஸ்டேஷன் 2 ஆறாவது, 2006-ல் பிளேஸ்டேஷன் 3-ம் வீயும் ஏழாவது, 2013-ல் பிளேஸ்டேஷன் 4 எட்டாவது, 2020-ல் பிளேஸ்டேஷன் 5 ஒன்பதாவது. கணக்கு முடிந்தது.

இனி எங்கள் வீட்டுக் கணக்கு. 2011-ல் மாமா ஊருக்கு வரும்போது ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். அப்போது எனக்கு ஏழு வயது. இரண்டு ரிமோட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் கலரில் ஒரு கேசட். கேசட் மேல் 9999999 கேம்கள் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டுக் கேம்கள்தான் பெயரை மாற்றி மாற்றி வரும்! அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியில் அதை மாட்டி மரியோவும் காண்ட்ராவும் விளையாடினோம். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மறுபடி செருகுவோம். உங்கள் வீட்டிலும் இதே வைத்தியம் நடந்திருக்கும்.

அது ஃபேமிகாமின் அனுமதி இல்லாத நகல் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரியும். நின்டெண்டோ பல சிப்புகளில் செய்த வேலையை ஒரே சிப்பில் அடக்கி, பச்சை போர்டில் ஒரு கறுப்புப் பொட்டாக வைத்து, மலிவு விலைக்கு விற்றார்கள். வெளியில் பிளேஸ்டேஷன் 3 வந்து ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. எங்கள் தெருவில் மூன்றாம் தலைமுறை அப்போதுதான் பிறந்தது!

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. ரஷ்யாவில் 1992-ல் டெண்டி என்ற பெயரில் இதே நகல் வந்தது. அங்கே ஒரு தலைமுறைக்கே வீடியோ கேம் என்றால் டெண்டிதான். பிரேசிலில் இறக்குமதி வரி அதிகம் என்பதால் டெக்டாய் என்ற உள்ளூர் கம்பெனி, முறையான அனுமதியோடு, சேகாவின் மாஸ்டர் சிஸ்டத்தை 1989-ல் கொண்டுவந்தது. சேகாவே அதை மறந்த பிறகும் பல்லாண்டுகள் புதுப்புது வடிவில் விற்றது. அசல் கம்பெனிகளும் இப்படித்தான். நின்டெண்டோ ஃபேமிகாம் தயாரிப்பை நிறுத்தியது 2003-ல். அதாவது ஆறாம் தலைமுறை நடந்துகொண்டிருக்கும்போது! பிளேஸ்டேஷன் 2-ம் அதற்கு அடுத்தது வந்த பிறகு ஆறு ஆண்டுக்கு மேல் தயாரிப்பில் இருந்தது. மொத்தம் 16 கோடிக்கு மேல் விற்றதற்கு இந்த நீண்ட ஆயுளும் ஒரு காரணம்.

கையில் வைத்து விளையாடும் கருவிகளில் இது இன்னும் தெளிவு. நின்டெண்டோவின் குன்பெய் யொகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். பழசாகி, விலை குறைந்து, நன்றாகப் பழகிப்போன தொழில்நுட்பத்தை எடு, அதைப் புதுவிதமாகப் பயன்படுத்து என்பதுதான் அது. 1989-ல் வந்த கேம் பாய் அப்படிப் பிறந்தது. கலர் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஆனால் நான்கு பென்சில் செல் போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடுத்த ஆண்டு சேகா கேம் கியர் வந்தது. கலர் உண்டு, விளக்கு உண்டு. ஆறு செல்லையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் குடித்துவிடும்! கேம் பாய், அதன் கலர் வடிவத்தோடு சேர்த்து, 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது. செல் வாங்கக் காசு கொடுக்கும் அப்பாக்களிடம் கேட்டால், ஏன் என்று உடனே சொல்வார்கள்.

ஆக, ஒரு தலைமுறை பிறக்கும் தேதி கம்பெனிகளின் கையில் இருக்கிறது. அது நம் வீட்டுக்கு வரும் தேதி வேறு. விலை குறைந்து, கை மாறி, இரவல் போய்த்தான் அது வரும். எங்கள் கேசட் தெருவில் நான்கு வீடு சுற்றியது. நாங்கள் வளர்ந்ததும் பெட்டி அத்தை வீட்டுக்குப் போனது. அத்தை பையன் இரண்டு வருடம் விளையாடினான்.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. இனி இப்படிக் கை மாற முடியுமா? பிளேஸ்டேஷன் 5-ன் டிஜிட்டல் எடிஷனும் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்-ம் டிஸ்க் போடும் இடமே இல்லாமல் வந்தன. இறக்கிக்கொண்ட கேமை இரவல் தருவது எப்படி? 2025-ல் வந்த ஸ்விட்ச் 2-ல் சில கேம்களின் கார்டுக்குள் கேமே இருக்காது. அது வெறும் சாவி, கேமை இணையத்தில் இருந்துதான் இறக்க வேண்டும். அந்தக் கடை மூடிவிட்டால்? மூடியும் இருக்கிறார்கள். 2023 மார்ச் 27-ல் 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் நின்டெண்டோ தன் இணையக் கடையில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டும் விற்ற கேம்களை இனி முறையாக வாங்க வழி இல்லை. அதே 2023-ல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையில் கிடைப்பதில்லையாம்.

பழைய பெட்டிகளும் சிரஞ்சீவி இல்லைதான். எங்கள் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியில் சிறு பங்குக்குக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். பழைய பிக்சர் டியூப் டிவியின் வேகத்தை நம்பிச் செய்த வேலை அது. இன்றைய எல்சிடி டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் ஒரு வாத்தும் விழாது. ஆனால் மற்ற கேம்கள்? கேசட்டும் பெட்டியும் இருந்தால் போதும், யாருடைய சர்வரின் தயவும் வேண்டாம்.

புது கன்சோலின் கிராபிக்ஸ் எனக்கும் பிடிக்கும். வேலை கிடைத்ததும் ஒன்று வாங்குவேன்! ஆனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி எத்தனை டெராபைட் என்பதாக இருக்காது. நான் விளையாடி முடித்த பிறகு இதைத் தம்பியிடம் கொடுக்க முடியுமா? அதைத்தான் கேட்பேன்.