வலியில்லாத வீக்கம்

தாடையில் வீக்கம் என்றதும் எம்மவர்க்கு முதலில் தோன்றுவது புற்றுநோய்தான். வெற்றிலையும் புகையிலையும் மென்ற தலைமுறைகளின் வாய்ப் புற்றுநோயைக் கண்டவர்கள் நாம். அவ்வச்சத்தைக் குறைகூற முடியாது.

என் தங்கையின் மகளுக்கு 13 வயதில் வலது கன்னம் மெல்லப் பருக்கத் தொடங்கியது. வலியில்லை, காய்ச்சலில்லை. கொடுப்புப் பல்லைப் பிடுங்கச் சொன்னார் ஒருவர். “இந்தியாவுக்குக் கொண்டு ஓடுங்கோ” என்றார் இன்னொருவர். எக்ஸ்றேயில் மேல்தாடை எலும்பு தேய்த்த கண்ணாடிபோல மங்கி, எல்லை புலப்படாமல் அயல் எலும்போடு கலந்திருந்தது. சி.ரி. ஸ்கானும் திசுப் பரிசோதனையும் அது ‘பைப்ரஸ் டிஸ்பிளேசியா’ என உறுதிப்படுத்தின. லிச்சென்ஸ்டைன் என்ற அமெரிக்க நோயியலாளர் 1938இல் இட்ட பெயர் அது.

கரு உருவான பின்னர் ஏதோவொரு கலத்தின் மரபணுவில் நேரும் மாற்றமே காரணம். உறுதியான எலும்பு இருக்கவேண்டிய இடத்தை நார்த்திசுவும் முதிராத எலும்பும் நிரப்பிவிடுகின்றன. பெற்றோர் வழியாக வருவதன்று. வைத்தியர் இதைச் சொன்னபோதுதான் தங்கை வாய்விட்டு அழுதாள். எந்தப் பக்கத்துப் பரம்பரைக் குறை என்ற பேச்சு அதற்குள் வீட்டில் எழுந்துவிட்டிருந்தது.

சிகிச்சை என்ன என்று கேட்டோம். பொறுத்திருங்கள் என்றார். மாலைக்குள் செய்தியை முடித்துப் பழகிய எனக்கு அது மருந்தாகவே படவில்லை. ஆனால் காரணம் இருந்தது. பருவ வயது கடந்தால் வளர்ச்சி பெரும்பாலும் தணியும். அதற்குமுன் செதுக்கினால் மீண்டும் பருக்கக்கூடும். கதிர்ச் சிகிச்சையோ ஆகவே ஆகாது. நோயைப் புற்றாக மாற்றும் அபாயம் அதில் உண்டு. ஆண்டுதோறும் படமெடுத்து ஒப்பிட்டார்கள். 19 வயதில் வாயின் உட்புறமாகவே செதுக்கிச் சமப்படுத்தினார்கள். முகத்தில் தழும்பில்லை. பாடசாலையில் அவள் கேட்ட கேலிச் சொற்களை எந்தப் படமும் காட்டவில்லை என்பது வேறு கதை.

இதற்கு உறவான இன்னொரு கோளாறு நடுத்தர வயதுப் பெண்களின் கீழ் முன்பற்களின் வேர்நுனியில் கருநிழலாகத் தோன்றும். சீழென்று எண்ணி வேர்ச் சிகிச்சை செய்துவிடுவதுண்டு. குளிர்ச்சியை வைத்துப் பார்த்தால் பல் உயிரோடிருப்பது தெரிந்துவிடும். அதனைத் தொடாமல் கண்காணிப்பதே முறை.

ஆனால் வீக்கம் திடீரென விரைந்து வளர்ந்தாலோ, வலியெடுத்தாலோ, உதடு மரத்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வைத்தியரிடம் போய்விட வேண்டும்.