மருந்தறைக் குறிப்பேடு

சென்ற மே மாதம், ஜபல்பூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்துச் சிறார் 42 பேருடன் பச்மரி மலையில் ஐந்து இரவுகள் முகாமிட்டோம். மருந்தறைப் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நான் வைத்தியன் அல்லன். ரயில்வே காரியாலயத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவிப் பயிற்சியில் தேறியவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு சங்கத்து அன்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டனர்.

புறப்படும் நாளன்று நிலைய நடைமேடையிலேயே உடல்நலப் படிவங்களை நிரப்பினேன். வரிசையில் நின்ற அனைவரும் கேட்க, "குழந்தைக்கு வியாதி ஏதேனும் உண்டா?" என்று ஒவ்வொருவரிடமும் உரத்து வினவினேன். "ஒன்றுமில்லை" என்ற விடை வருந்தோறும் எனக்கு மகிழ்ச்சி, வேலை குறைந்ததல்லவா?

பிபரியாவில் இறங்கி மலைப்பாதையில் ஏறும்போதே வாந்தியெடுத்தோர் ஐவர். முதல் இரவில் வயிற்றுவலி என்று வந்தோர் ஒன்பதின்மர். அவர்களுள் எழுவருக்கு வந்தது அம்மாவின் நினைவேயன்றி வேறில்லை. அருகில் அமர்த்தி ஊர்க்கதை பேசினேன், உறங்கிவிட்டனர். மறுநாள் வெயிலில் அருவிக்குச் சென்று சோர்ந்தவர்களுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுத்தேன். பொட்டலம் தீர்ந்தபோது, காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து நானே தயாரித்தேன். எல்லாவற்றையும் நேரங்குறித்துக் குறிப்பேட்டில் எழுதினேன். நிர்வாகம் எளிதென்றே எண்ணினேன்.

மூன்றாம் இரவு பெண்கள் கூடத்திலிருந்து கூக்குரல் எழுந்தது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்திக்கு வலிப்பு. நம் பெரியவர் ஒருவர் அவள் கையில் திணிக்கச் சாவிக்கொத்துடன் ஓடிவந்தார். சமையலுக்கு வந்திருந்த உள்ளூர் அம்மையார் முகரவைக்கச் செருப்பை நீட்டினார். இருவரும் அன்பினாலேயே வந்தனர். ஆயினும் இரண்டாலும் பயனில்லை. இருவரையும் விலக்கி, குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, தலைக்குக் கீழே துணியை மடித்து வைத்தேன். வாயில் எதையும் இடவில்லை. கைகால்களை இறுகப் பிடிக்கவுமில்லை. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆபத்து என்று கற்றிருந்தமையால் கடிகாரத்தையே பார்த்திருந்தேன். இரண்டரை நிமிடத்தில் அடங்கியது. ரயில் தாமதத்தை எத்தனையோ முறை கணக்கிட்டவன் நான். அந்த இரண்டரை நிமிடம் போல் நீண்ட நேரத்தை நான் கண்டதில்லை.

ஜீப்பில் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அவள் பெட்டியில், பாவாடை மடிப்புக்குள் மாத்திரை அட்டை இருந்தது. மூன்று நாளாக ஒன்றையும் அவள் விழுங்கவில்லை. யாரும் பாராத வேளையில் விழுங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார் தாயார். இருபது பெண்கள் உறங்கும் கூடத்தில் யாரும் பாராத வேளை ஏது?

மறுநாள் வந்த தாயார் மகளைத் தழுவிக்கொண்டு அழுதார். பின் என்னிடம், "பெண் குழந்தை அண்ணா. நாலு பேர் காதில் விழுந்தால் நாளைக்கு யார் இவளைக் கட்டிக்கொள்வார்கள்? நீங்களும் நாலு பேர் நடுவிலேதானே கேட்டீர்கள்?" என்றார். நான் தலைகுனிந்தேன். மறைத்தது அவர் குற்றமென்றால், மறைக்கும்படி கேட்டது என் குற்றமன்றோ?

இந்து திருமணச் சட்டம் ஒரு காலத்தில் இந்நோயைத் திருமணத்திற்குத் தடையாகவே வைத்திருந்தது. 1999-இல்தான் திருத்தம் கொணர்ந்து அச்சொல்லை நீக்கினர். சட்டம் விட்ட அச்சத்தை நம் வீடுகள் இன்னும் விட்டபாடில்லை. முறையாக மருந்துண்டால் இந்நோயாளருள் பத்தில் எழுவர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்துக்குப் பகை மறைவே.

அச்சிறுமி முகாம் முடியும்வரை எங்களுடன் இருந்தாள். வேளைதோறும் மருந்தறைக்கு வந்து, என் மேசையருகே நின்று, மாத்திரையை விழுங்கிவிட்டு விளையாட ஓடினாள். கடைசி நாள் அவள் தோழி ஒருத்தி தண்ணீர்க் குவளையுடன் உடன் வந்தாள்.

அடுத்த ஆண்டு இப்பொறுப்பு எனக்கே வாய்க்குமாயின், படிவங்களை வீடுதோறும் சென்று தனியே கேட்டு நிரப்புவேன். பெற்றோரே, அப்போது மறையாது உரையுங்கள். இதை அத்தாயாரின் அனுமதி பெற்றே எழுதினேன். பெயரை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.