காரில்லாமல் கடற்கரை ஓட்டலுக்கு!

"ஊருக்கு வெளியே, அமைதியான சூழ்நிலையில், கடலைப் பார்த்தாற்போல் அறைகள்" என்று விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அடுத்த நிமிஷமே, "அதெல்லாம் கார் வைத்திருக்கிறவர்களுக்கு" என்று நாமே பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ரயிலும் பஸ்ஸும் ஊர் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிடும். ஊரிலிருந்து அந்த ஓட்டல் வாசல் வரைக்கும் இருக்கிற மூன்று, நாலு கிலோமீட்டர்தான் நம்மைப் பயமுறுத்துகிறது. அந்த நாலு கிலோமீட்டரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

நாங்கள் திருச்சிக்காரர்கள். போனது மாமல்லபுரத்துக்கு. போனவர்கள் மூன்று பேர்: நான், ஏழாவது படிக்கும் என் மகள், எழுபத்திரண்டு வயதான என் மாமியார். அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். "அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை ஸ்தலசயனப் பெருமாளைப் பார்த்துட்டு வந்துடறேம்மா" என்றார் அத்தை. மாமா இருந்த காலத்திலிருந்தே உள்ள ஆசை அது. "கார் கிடைக்கட்டும், போகலாம்" என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. இவருக்கு லீவு இல்லை. வாடகைக் கார் விசாரித்ததில் கேட்ட தொகை எங்கள் வீட்டு மூன்று மாத மளிகைக்குச் சமம்.

முதலில் டாக்டரைத்தான் கேட்டேன். "சமதளத்தில் மெதுவாக நடக்கலாம், படி ஏறக் கூடாது, ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்காரக் கூடாது" என்றார். அந்த மூன்றையும் வைத்துக்கொண்டுதான் பயணத்தையே திட்டமிட்டேன்.

ஊருக்குள் இருக்கிற விடுதிகளில் விசாரித்தபோது கீழ்த்தளத்தில் அறை கிடைக்கவில்லை. சிலவற்றில் லிஃப்ட்டும் இல்லை. ஊருக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாலு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஓர் ஓட்டலில்தான் படி இல்லாத அறையும், உட்காரும் வகைக் கழிவறையும் இருந்தன. முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்தக் கழிவறை எத்தனை முக்கியம் என்பது வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

போனில் அந்த ஓட்டல்காரர், "டவுனிலேர்ந்து அஞ்சே நிமிஷம் மேடம்" என்றார். "பஸ்ஸிலா, நடந்தா?" என்று கேட்டேன். ஒரு கணம் சத்தமே இல்லை. "கார்லதானே வருவீங்க?" என்றார். அதன்பிறகு நான் கேட்ட கேள்விகளை அப்படியே கொடுக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் இவை உதவும்.

1. உங்கள் ஓட்டலுக்குப் பக்கத்து பஸ் ஸ்டாப்பின் பெயர் என்ன? "மெயின் ரோட்டிலேயே போர்டு தெரியும்" என்பது பதில் ஆகாது. கண்டக்டருக்குப் புரிகிற பெயர் வேண்டும்.

2. ரோட்டிலிருந்து உள்ளே எவ்வளவு தூரம்? சில ஓட்டல்களில் கேட்டிலிருந்து வரவேற்பறைக்கே நல்ல நடை இருக்கும். பெட்டியுடன் வயதானவர் நடப்பாரா என்று பார்க்க வேண்டும்.

3. ரோட்டின் எந்தப் பக்கம்? இதை நிச்சயம் கேளுங்கள். காரணம் பின்னால் சொல்கிறேன்.

4. இரவில் ஊருக்குள்ளிருந்து திரும்ப என்ன வழி? உங்களுக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் உண்டா? எவ்வளவு வாங்குவார்?

5. காலை டிபன் எத்தனை மணிக்கு? பக்கத்தில் கடை உண்டா? அத்தைக்குச் சர்க்கரையும் உண்டு. வேளைக்குச் சாப்பாடு தவறினால் தலை சுற்றும். ஊருக்கு வெளியே இருக்கிற ஓட்டல்களில் டிபன் தாமதமாகத்தான் ஆரம்பிப்பார்கள். வெளியே போய் இரண்டு இட்லி வாங்கலாம் என்றாலோ கண்ணுக்கெட்டிய தூரம் கடையே இராது.

பதில்களை ஒரு தாளில் எழுதி என் கைப்பையில் ஒன்று, மகளின் பையில் ஒன்று வைத்தேன். செல்போனில் வரைபடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதுதான். ஓட்டல் இருக்கும் இடத்தை அனுப்பச் சொல்லி வாங்கியும் வைத்திருந்தேன். ஆனால் சார்ஜ் போய்விட்டால் தாள்தானே கைகொடுக்கும்?

இனி வழி. தெற்கேயிருந்து வருகிறவர்கள் மாமல்லபுரத்துக்காகச் சென்னை வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. திருச்சி, மதுரை வழியாக வரும் ரயில்கள் பல செங்கல்பட்டில் நிற்கின்றன. அங்கேயே இறங்கிவிடலாம். டிக்கெட் எடுக்கும்போது வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். மூத்த குடிமக்களுக்கும், 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. முழங்கால்காரர்களுக்கு அது பெரிய உதவி. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

நாங்கள் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. இருட்டில் அவசரமாக வெளியே வராமல், ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து, முகம் கழுவி, பிளாஸ்க்கில் கொண்டுபோன காப்பியைக் குடித்துவிட்டு, வெளிச்சம் வந்த பிறகே கிளம்பினோம். பெண்கள் மட்டும் போகும்போது இந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று நினைக்காதீர்கள்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். ஏறத்தாழ பாதி வழியில் திருக்கழுக்குன்றம். மலைமேல் வேதகிரீஸ்வரர், ஏற ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அத்தை பஸ் ஜன்னலிலிருந்தே மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கும் சங்கு தீர்த்தம் இந்த ஊரில்தான் இருக்கிறது என்று சொன்னதும், தூங்கி வழிந்த என் மகள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். படி ஏறமுடியாதவர்களுக்கு அடிவாரத்திலேயே பக்தவத்சலேஸ்வரர் கோயில் இருக்கிறது. நேரம் இருந்தால் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போகலாம்.

சென்னைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு வழி. தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாக வருவது ஒன்று. அடையாறு, திருவான்மியூர் பக்கமிருந்து கடலோரமாகவே வருவது இன்னொன்று. தென் மாவட்ட பஸ்கள் 2023 டிசம்பர் 30-ல் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு வருகின்றன. அது வண்டலூரை அடுத்தே இருப்பதால், அங்கே இறங்கினால் சென்னை நெரிசலுக்குள் போகாமல் தப்பலாம். 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரண கட்டண டவுன் பஸ்களுக்குத்தான். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறும்போது இன்னொன்றும் கேட்க வேண்டும். "ஊருக்குள்ளே போகுமா, பைபாஸிலேயே போயிடுமா?" புதுச்சேரிக்குப் போகிற பஸ்கள் பல ஊருக்குள் நுழையாமல் வெளியே இறக்கிவிட்டுப் போய்விடும்.

இப்போது அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். கடலோர ஓட்டல்கள் சாலைக்குக் கிழக்கே இருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் பஸ் இடது பக்கம், அதாவது ஓட்டல் பக்கமே இறக்கிவிடும். ஆனால் எங்களைப் போல் ஊருக்குள் வந்துவிட்டு வடக்கே போகிறவர்களை பஸ் எதிர்ப்பக்கத்தில் இறக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் போகிற வேகம் உங்களுக்கே தெரியும். வலிக்கிற காலோடு ஒருவரையும், துள்ளுகிற ஒரு பெண்ணையும், இரண்டு பையையும் வைத்துக்கொண்டு அந்த ரோட்டைக் கடப்பது விவேகம் இல்லை. அதனால் அந்த நாலு கிலோமீட்டருக்கு மட்டும் ஆட்டோ என்று முன்பே முடிவு செய்திருந்தேன். ஓட்டலில் சொல்லியிருந்த ஆட்டோக்காரர் பெரியவர். பஸ் நின்ற இடத்துக்கே வந்துவிட்டார். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. இந்த இடத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது.

ஓட்டல் வாசலில் ஒரு வேடிக்கை. பெரிய கேட்டைத் திறந்துகொண்டு வந்த வாட்ச்மேன் ஆட்டோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "வண்டி வருதாம்மா?" என்றார். "இதுதாங்க வண்டி" என்றேன். அத்தைக்கு ஒரே சிரிப்பு.

அன்று மாலை கோயிலுக்குப் போனோம். ஸ்தலசயனப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் அவதரித்த ஊர் இது. பல கோயில்களில் பாம்பணையில் பள்ளிகொள்ளும் பெருமாள் இங்கே வெறும் தரையில் படுத்திருக்கிறார். புண்டரீக மகரிஷியின் பக்திக்கு இரங்கி அப்படிக் காட்சி கொடுத்தார் என்பது புராணம். கோயில் ஊர் நடுவே, அர்ச்சுனன் தபசுப் பாறைக்குப் பக்கத்திலேயே சமதரையில் இருக்கிறது. அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, வெகு நேரம் பார்த்தார். "தரையில படுத்திருக்காரே, எழுந்திருக்கும்போது அவருக்கும் முட்டி வலிக்குமோ என்னமோ" என்று மெல்லச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திரும்பும்போது மணி எட்டு. அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே வர ஓர் ஆட்டோ மூன்று மடங்கு கேட்டது. "திரும்பி வர்றப்போ காலியா வரணும்மா" என்பது அவர் நியாயம். எங்கள் பெரியவருக்குப் போன் செய்தேன். சொன்ன கூலிக்கே வந்தார். பகலில் வரும்போதே இரவுக்கும் பேசி வைத்துக்கொள்வது எத்தனை நல்லது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆட்டோவில் ஏறியதும் அதன் நம்பரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது என் வழக்கம். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்ற எண்களை மகளுக்கும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை வெயிலுக்கு முன்னால் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதமும் பார்த்தோம். இந்தச் சின்னங்களை 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்கும் அன்றைக்கு ஒரே டிக்கெட் போதும்; பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மணலில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது. அத்தையை நிழலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் போய் வந்தோம். கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். இந்தக் கரையில் இழுப்பு அதிகம்.

ஊருக்கு வெளியே தங்கியதில் ஒரு லாபமும் உண்டு. சாளுவன்குப்பத்துப் புலிக்குகை ஊரிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர். எங்கள் ஓட்டலுக்கோ அடுத்த வீடு மாதிரி. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு தோண்டிக் கண்டெடுத்த பழைய முருகன் கோயிலின் செங்கல் அடித்தளமும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் வடநெம்மேலியில் 1976-ல் தொடங்கிய முதலைப் பண்ணை. குழந்தைகள் விடமாட்டார்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: மாத்திரைகள் ஒரு நாளைக்கு அதிகப்படியாக, டாக்டர் சீட்டு, முழங்கால் பட்டி, தண்ணீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட், சர்க்கரைக்காரர்களுக்கு பிஸ்கட்டும் ஒரு மிட்டாயும், பஸ்ஸில் குமட்டுகிறவர்களுக்கு எலுமிச்சம்பழமும் காகிதப் பையும், சில்லறை. பெட்டி ஒருவருக்கு ஒன்று. தூக்க முடிகிற கனம்தான். பயணத்தில் ஒரு மணிக்கொரு தரம் பெரியவர்கள் காலை நீட்டி மடக்கட்டும்.

ரயில், பஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்தும், வாடகைக் காருக்குக் கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மிச்சம் அத்தையின் ஆபரேஷன் செலவுக்குப் போயிற்று.

இப்போது அத்தை நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் தினம் இருபது தடவை நடக்கிறார். அடுத்தது திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாளாம். அதுவும் அதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பின் பெயரையும், ரோட்டின் எந்தப் பக்கம் என்பதையும் விசாரித்து வைத்துவிட்டேன்.