குறட்டை

கூக்காலில் பூண்டுத் தோட்டத்துக் குடிசையில் பெரியப்பா விடும் குறட்டைக்குக் காட்டுப்பன்றிகளும் ஒதுங்கும் என்பது எங்கள் வீட்டு வேடிக்கை. கும்பகர்ணன் என்றே அவரைக் கேலி செய்வோம். பித்தப்பை அறுவைக்காக மதுரைக்கு அழைத்துச் சென்றபோது, மயக்கவியல் மருத்துவர் அந்தக் குறட்டையைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார். “தூக்கத்தில் மூச்சு நின்றுபோகுமா?” பெரியம்மா தயங்கிச் சொன்னார்: “தெனமும் நிக்கும். நாந்தான் எந்திரிச்சு உலுப்பிவிடுவேன்.” இதை நாங்கள் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை.

2008இல் டொராண்டோவின் பிரான்சிஸ் சங் குழுவினர் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ வினாக்கள் எட்டில் முதலாவதே குறட்டைதான் என்று பின்னர் அறிந்தேன். உறக்கத்தில் தொண்டை அடைபட்டால் உடல் தன்னைத்தானே எழுப்பிக்கொள்ளும். மயக்க மருந்தும் அபின்வகை வலிநீக்கிகளும் அந்த விழிப்பை மழுக்கிவிடுகின்றன. ஆகவே பெரியப்பாவுக்கு நன்கு நினைவு திரும்பிய பிறகே மூச்சுக்குழாயை எடுத்தார்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து, இரவு முழுதும் ஆக்சிஜன் அளவைக் கண்காணித்தார்கள்.

அன்றிரவு பெரியம்மா வராந்தாவில் அயர்ந்து உறங்கினார்.

வீட்டில் குறட்டை விடுபவருக்கு அறுவை என்றால், மருத்துவர் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். அதற்கும் முன்பு, அருகில் படுப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.