கணபதியில் காற்று வேலை

கோயம்புத்தூர் கணபதியில் பவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஒரு தெருவில், பெயர்ப் பலகை இல்லாத ஷெட். கார் இன்ஜினுக்குள் போகிற காற்றை இன்னும் கொஞ்சம் கூட்டித் தருவதுதான் அங்கே மூன்று பேருக்குப் பிழைப்பு. ஹெட் வேலை மேஸ்திரியின் கை. அவருக்கு வயது அறுபதை ஒட்டி இருக்கும். அலுமினிய வெல்டிங்குக்கு ஒருவர். லேத்தில் நிற்கும் பையன் பாலிடெக்னிக் முடித்தவன்.

"பெட்ரோல் எவ்வளவு வேணும்னாலும் ஊத்தலாமுங்க. அதை எரிக்கக் காத்து வேணுமில்லீங்களா?" என்று ஆரம்பித்தார் மேஸ்திரி. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டுவது சுலபம். காற்றைக் கூட்டுவதுதான் பாடு. இன்ஜின் 6000 ஆர்.பி.எம்மில் ஓடும்போது, பிஸ்டன் ஒரு முறை கீழிறங்க ஆகிற நேரம் விநாடியில் இருநூற்றில் ஒரு பங்கு. அதற்குள் காற்று ஃபில்டரைத் தாண்டி, த்ராட்டிலைத் தாண்டி, மேனிஃபோல்டு குழாயில் ஓடி, ஹெட்டின் போர்ட்டில் வளைந்து, வால்வின் ஓரத்து இடுக்கில் நுழைந்தாக வேண்டும். எங்கே நெருக்கடி என்று கண்டுபிடித்து, அங்கே மட்டும் கை வைப்பதுதான் தொழில்.

இந்த வேலை கோவையில் வேர்விட்டதற்கு ரேஸ்தான் காரணம் என்பார்கள். பொய்யில்லை. எஸ். கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து 1980களின் கடைசியில் ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கியது இந்த ஊரில்தான். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையம் ஓடுதளத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். ஆனால் ரேஸ் மட்டும் இருந்தால் போதாது என்பது ஷெட்டில் கொஞ்ச நேரம் நின்றதும் எனக்குத் தெரிந்தது. மேஸ்திரி ரேஸ் பார்த்து இதற்கு வந்தவர் அல்ல. இளவயதில் பம்பு கம்பெனி ஒன்றில் இம்பெல்லர் வார்ப்புகளுக்கு ஃபினிஷிங் செய்தவர். மணல் அச்சில் வார்த்து எடுத்த காஸ்டிங்கில் எங்கே பிசிறு நிற்கும், எங்கே கோர் என்னும் உள்ளச்சு நகர்ந்து சுவர் ஒரு பக்கம் மெலிந்திருக்கும் என்பதெல்லாம் அந்தக் கைக்கு அத்துபடி. தண்ணீர் ஓடுகிற வழியைச் சீர்செய்தவர், இப்போது காற்று ஓடுகிற வழியைச் சீர்செய்கிறார். கோவையின் ரேஸ் பேரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஓட்டுநர்களோடு நின்றுவிடுகிறார்கள். பம்புப் பட்டறைகளுக்கு அதில் உள்ள பங்கு பாதியாவது இருக்கும் என்பது என் கணக்கு.

அன்று மேசையில் இருந்தது ஜிப்ஸியின் 1298 சி.சி. இன்ஜின் ஹெட். மேனிஃபோல்டு வந்து உட்காரும் முகத்தில் நீல மை தடவி, கேஸ்கட்டை வைத்து, ஓட்டையின் ஓரமாக ஊசியால் கீறினார். கோட்டுக்கு உள்ளே உலோகம் துருத்திக்கொண்டிருந்தது. கம்பெனி வார்ப்பில் மேனிஃபோல்டின் வாயும் போர்ட்டின் வாயும் நேருக்கு நேர் பொருந்துவது அபூர்வம். அந்தப் படியில் காற்று முட்டும். டை கிரைண்டரின் வெட்டுமுனையான பர்ரை ஒரு மெழுகுவத்தியில் உரசினார். மெழுகு இல்லாவிட்டால் அலுமினியம் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு வெட்டவிடாது. பிறகு கிரைண்டரை இரண்டு கையாலும் பிடித்து உள்ளே விட்டார். நாலைந்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவுகிறார். சாய்ந்து பார்ப்பதில்லை, டார்ச் அடிப்பதில்லை. விரல்தான் கண்.

போர்ட் வால்வை நோக்கித் திரும்பும் இடத்தில் உள்பக்க வளைவு ஒன்று உண்டு. வேகமாக வருகிற காற்று அந்த வளைவை ஒட்டித் திரும்ப முடியாமல் பிரிந்து போய்விடும். பவர் போவது பெரும்பாலும் அங்கேதான். அதை மழுக்கி உருட்ட வேண்டும். ஆனால் அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் அறை. ஒரு மில்லிமீட்டர் அதிகம் போனால் ஹெட் காயலான் கடைக்கு. அதற்காகவே பழைய ஹெட் ஒன்றை ரம்பத்தால் நெடுக்குவாட்டில் அறுத்து அலமாரியில் வைத்திருக்கிறார்கள். எங்கே எவ்வளவு கனம் என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறான் பையன்.

பக்கத்தில் ஒரு பிளைவுட் பெட்டி. உள்ளே வேக்குவம் கிளீனர் மோட்டார்கள், வெளியே கலர் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் குழாய். ஹெட்டை மேலே கவிழ்த்து, வால்வை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திறந்து, காற்று எவ்வளவு போகிறது என்று அளக்கிறார்கள். வெளிநாட்டுக் கணக்கெல்லாம் 28 அங்குல நீரழுத்தத்தில் சொல்லப்படுவது. இந்தப் பெட்டி 10 அங்குலத்திலேயே மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை, வேலைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

வாடிக்கையாளர் கேட்பதோ வேறு: பளபளப்பு. போர்ட்டுக்குள் முகம் தெரிய வேண்டும் என்று ஃபோனில் படம் காட்டுகிறார்கள். மேஸ்திரிக்கு அதில் எரிச்சல். வெளியே போகிற எக்ஸாஸ்ட் பக்கம் பளபளப்பாக இருந்தால் கரி படிவது குறையும், சரி. உள்ளே வருகிற பக்கத்தில் பெட்ரோலும் காற்றோடு சேர்ந்து வருகிறது. சுவர் வழுவழுவென்று இருந்தால் அது துளியாகத் திரண்டு வழிந்துவிடும். கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதே நல்லது. அகலமாக்குவதும் அப்படித்தான். ஓட்டையைப் பெரிதாக்கினால் காற்றின் வேகம் விழும். ஊருக்குள் ஓட்டும்போது பிக்கப் செத்துப்போகும். "நம்ம வேலையில பாதி, அரைக்காம விடறதுதானுங்க" என்றார். ஆனாலும் கேட்கிறவருக்குப் பளபளப்பாகத்தான் தருகிறார்கள். கூலி அதில்தானே வருகிறது.

மேனிஃபோல்டு வெல்டருடைய ராஜ்ஜியம். வால்வு பட்டென்று மூடும்போது, ஓடிவந்த காற்று முட்டி அழுத்த அலையாகத் திரும்பும். குழாயின் மறுமுனைக்குப் போய் மறுபடி வரும். அது வந்து சேரும்போது வால்வு திறந்திருந்தால் ஒரு வாய் காற்று கூடுதலாகக் கிடைக்கும். குழாய் நீளமானால் இது குறைந்த ஆர்.பி.எம்மில் நடக்கும், குட்டையானால் அதிக ஆர்.பி.எம்மில். ரேஸ் மேனிஃபோல்டுகள் குட்டையாக இருப்பது இதனால்தான். குழாயின் வாயை லேத்தில் பூவாய் விரித்துக் கடைந்து தருவது பையன்.

காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் கணபதிக்கு அபூர்வ விருந்தாளி. அலமாரியில் ஒன்று இருந்தது: ஐசின் கம்பெனியின் ஏ.எம்.ஆர். 500, ஜப்பானியக் காரிலிருந்து கழற்றிய செகண்ட் ஹேண்ட் சரக்கு. கையால் சுழற்றிப் பார்த்தேன். இரண்டு உருளைகள் ஒன்றை ஒன்று தொடாமல், மயிரிழை இடைவெளியில் தழுவிச் சுற்றுகின்றன. இந்த அமைப்புக்கு 1860இல் பேட்டன்ட் வாங்கியவர்கள் அமெரிக்காவின் இண்டியானாவில் கம்பளி ஆலை வைத்திருந்த ரூட்ஸ் சகோதரர்கள். அது முதலில் ஊதியது இன்ஜினுக்கு அல்ல, பவுண்டரி உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும். மெர்சிடிஸ் தன் கார்களில் அதை வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது 1920களின் தொடக்கத்தில். ஆலையும் உலையுமாக வளர்ந்த கோவையில் அந்த ஊதுகருவியைப் பார்க்க, சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது.

கணக்கைப் பையன் சுவரில் சாக்பீஸால் போட்டுக் காட்டினான். 1298 சி.சி. இன்ஜின் ஒரு சுற்றுக்கு இழுப்பது அதில் பாதி, 649 சி.சி. இந்த ஊதி ஒரு சுற்றுக்குத் தள்ளுவது 500. கிராங்க் புல்லி 140 மில்லிமீட்டர், ஊதியின் புல்லி 78 என்று வைத்தால், இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது இது ஏறக்குறைய 1.8 சுற்று; அதாவது 900 சி.சி. 649 பிடிக்கிற இடத்தில் 900ஐத் திணித்தால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்? கசிவு போக, வெளிக்காற்றைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கிடைக்கும். ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஊதியைச் சுற்றவே இன்ஜின் பலம் கொடுக்க வேண்டும். அமுக்கிய காற்று சூடாகும். கோவை வெயிலில் 35 டிகிரியில் நுழைந்தது 90ஐத் தொட்டு வெளிவரும். சூடான காற்று, பெட்ரோல் தானாக வெடிக்கும் நாக்கிங்கை வரவழைக்கும், நாக்கிங் பிஸ்டனை உடைக்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி விவரக்குறிப்பை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றம் 2019இல் அதை உறுதிசெய்தது. ரேஸ் தளத்தில் ஓடும் வண்டிக்குப் பிரச்சினை இல்லை. ரோட்டு வண்டி வந்தால் மேஸ்திரி ஹெட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறார். வண்டியைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. நாள் முழுக்க அலுமினியத் தூள் பறக்கிற இடத்தில் மூவருக்கும் முகமூடி இல்லை, காதடைப்பான் இல்லை. மேஸ்திரியிடம் எதையும் இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் அந்த ஹெட்டுக்கும் ஊதிக்கும் சொந்தக்காரரான ஜிப்ஸிக்காரர் வந்தார். 78 மில்லிமீட்டர் புல்லியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை எழுபதாக் கடைஞ்சு குடுங்கண்ணா. இன்னும் கொஞ்சம் அடிக்கும்" என்றார்.

"அடிக்குமுங்க. அப்புறம் பிஸ்டனையும் அடிக்கும்" என்றார் மேஸ்திரி. "காத்தைக் குளிர வைக்க இன்டர்கூலர் போட்டு, பெட்ரோல் பம்பையும் மாத்திட்டு வாங்க. புல்லியை அப்பப் பேசிக்கலாம்."

வந்தவர் சரியென்று தலையாட்டிவிட்டுப் புல்லியோடு கிளம்பினார். அதே தெருவில் இன்னும் எத்தனையோ லேத் இருக்கிறது.