எட்டாயிரம் அடி உயரத்தில் அம்மாவும் பெண்ணும்

இமாசலப் பிரதேசம் என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது சிம்லா, குலு, மனாலி. இந்த மூன்றையும் சுற்றிவிட்டு, ஒரு குலு சால்வையும் இரண்டு கிலோ ஆப்பிளும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிவிடுவது வழக்கம். நானும் என் பெண்ணும் மார்ச் மாதக் கடைசியில் போய்வந்தது இவற்றில் எதுவும் இல்லை. காங்ரா மாவட்டத்தில் பீர் என்று ஒரு சின்ன கிராமம். அதற்கு மேலே, மலைச்சாலையில் 14 கிலோமீட்டர் ஏறினால் பில்லிங் என்ற புல்வெளிச் சரிவு. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 8,000 அடி.

அந்தச் சரிவில் அப்படி என்ன விசேஷம் என்கிறீர்களா? அங்கிருந்துதான் மனிதர்கள் பறக்கிறார்கள். பாராகிளைடிங் என்று பெயர். எஞ்சின் கிடையாது, இறக்கைக்குச் சட்டம் கிடையாது. இரண்டு அடுக்குத் துணியைத் தலையணை உறை மாதிரி அறை அறையாகத் தைத்திருக்கிறார்கள். முன்பக்கம் திறந்திருக்கும். ஓடும்போது அதன் வழியே காற்று புகுந்து உப்பி, துணியே சிறகாகிவிடுகிறது. 1978-ல் பிரான்சில் மியூசி என்ற ஊரில் சில பாராசூட் வீரர்கள் மலைச் சரிவிலிருந்து ஓடிப் பார்த்ததிலிருந்து இது பரவியது. 2015 அக்டோபரில் இதன் உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் முதன்முதலாக நடந்தது இந்த பில்லிங்கில்தான்.

பறக்கணும் என்றவள் பெண். படம் பிடிக்கணும் என்றவள் நான். நடக்கணும் என்று சொன்னவர் என்னுடைய பிளட் பிரஷர் டாக்டர்! மூன்றுக்கும் ஒரே ஊர் அமைந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். என் கணவருக்குத்தான் இல்லை. "ஆவணியில கல்யாணம் நிச்சயமாயிருக்கு. இந்தச் சமயத்துல பெண்ணை ஆகாசத்துல தொங்கவிடப் போறியா?" என்றார்.

நியாயமான கேள்விதான். பில்லிங்கில் விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்று நான் தடுத்தால், நாளைக்கு அவள் கணவனோடோ தோழிகளோடோ போகத்தான் போகிறாள். அப்போது எதைப் பார்க்கணும், எப்போது மறுக்கணும் என்று சொல்ல யார் இருப்பார்கள்? "நானும் கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

டில்லி வழியாக பதான்கோட் வரை ரயில். அங்கிருந்து ஜோகிந்தர் நகருக்கு 1929-லிருந்து ஒரு குட்டி ரயில் பாதை உண்டு. 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் பதான்கோட் அருகே சக்கி ஆற்றுப் பாலம் இடிந்ததால், போகிறவர்கள் முன்னதாக விசாரித்துக்கொள்வது நல்லது. நாங்கள் பஸ்ஸில் பைஜ்நாத் போய், அங்கிருந்து டாக்சி பிடித்தோம். வழியெல்லாம் தேயிலைத் தோட்டம், கோதுமை வயல். இரண்டுக்கும் பின்னால் தௌலாதார் மலைத்தொடர் வெள்ளைவெளேரென்று பனி மூடி நிற்கிறது. பீரில் 1960-களிலிருந்து திபெத்தியர்கள் குடியிருக்கிறார்கள். காலையில் மடாலயத்து மணி கேட்டுக்கொண்டே சூடாக ஒரு கிண்ணம் துக்பா (நூடுல்ஸ் போட்ட சூப், சைவமாகவும் கிடைக்கும்) குடித்தால், இட்லி ஞாபகம் கொஞ்சம் மட்டுப்படுகிறது.

மறுநாள் பில்லிங்குக்கு நடந்தே ஏறினோம். சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதை போகிறது. கீழே பைன் மரம். மேலே போகப் போக ஓக், தேவதாரு. நடுநடுவே ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூ. புராஸ் என்கிறார்கள். நம் நீலகிரியில் காட்டுப்பூவரசு என்று சொல்கிறோமே, அதன் நெருங்கிய சொந்தம்தான். இந்தப் பூவில் சர்பத் போடுகிறார்கள், துவையல்கூட அரைக்கிறார்கள். நாலு மணி நேரம் பிடித்தது. ஐம்பது வயதுக்காரி மூச்சு வாங்கும்போதெல்லாம் "போட்டோ எடுக்கிறேன்" என்று நின்றுவிடலாம், யாருக்கும் தெரியாது!

போட்டோ என்றதும் ஒன்று. பனிமலையை எடுத்தால் படத்தில் அழுக்கு வேட்டி மாதிரி சாம்பல் நிறமாக விழும். கேமரா அத்தனை வெள்ளையைப் பார்த்து மிரண்டு வெளிச்சத்தைக் குறைத்துவிடுவதுதான் காரணம். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டி வையுங்கள். செல்போனிலும் அந்த வசதி உண்டு. குளிரில் பாட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், ஸ்வெட்டருக்குள் பையில் வைத்துக்கொண்டால் தாங்குகிறது. காலை ஒன்பது மணிக்குள் எடுத்த படங்கள்தான் தேறின. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் மங்கல் ஏறிவிடுகிறது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். முதல் நாளே கடைவீதியில் ஒருவரிடம் முன்பணம் கொடுத்திருந்தோம். பில்லிங்கிலிருந்து பறந்தே கீழே இறங்குவதாக ஏற்பாடு. ஆனால் சரிவில் கட்டியிருந்த ரிப்பன் ஒரு நிமிஷம் தொங்கியது, அடுத்த நிமிஷம் பக்கவாட்டில் படபடவென்று அடித்தது. மலை உச்சியில் மேகம் திரண்டு அடிப்பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது. ஓரமாக இரண்டு பைலட்டுகள் துணியை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் ஆளிடம் லைசென்ஸ் கேட்டேன். ரூமில் இருக்கிறதாம். அவசரத்துக்கு இன்னொரு பாராசூட், ரிசர்வ் என்பார்களே, அது எங்கே என்று கேட்டேன். "ஆன்ட்டிஜி, ஒன்றும் ஆகாது" என்று இந்தியில் சிரித்தார். நான் கேட்டது அது இல்லையே!

"நாங்க இன்னிக்குப் பறக்கலை" என்றேன். முன்பணம் திரும்ப வரவில்லை. பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜீப்பில் கீழே இறங்கும்வரை என்னோடு பேசவில்லை. அந்த மனிதர் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு பறந்து, பத்திரமாகவே இறங்கினார். "பார்த்தியாம்மா!" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் காற்று சரியாக இருந்தது என்று ஆகிவிடாதே? அன்று ராத்திரி அவளிடம் இதைச் சொல்லவில்லை. துக்பாவை அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் நாங்கள் தங்கிய வீட்டம்மா சொல்லி வேறு இருவரைப் பார்த்தோம். மாநில சுற்றுலாத் துறை கொடுத்த லைசென்ஸைக் கேட்காமலே எடுத்துக் காட்டினார்கள், படமும் முகமும் ஒத்துப்போனது. எங்கள் எடையைக் கேட்டார்கள். எடைக்குத் தகுந்த சிறகு வேண்டுமாம். ரிசர்வ் எங்கே, அதன் கைப்பிடி எங்கே என்று காட்டினார்கள். அரைமணி நேரம் உட்கார்ந்து காற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரைமணியில் எனக்கு வந்த நம்பிக்கை வேறு எதிலும் வரவில்லை.

பெல்ட்டுகளில் முக்கியமானது தொடையைச் சுற்றிப் போடுவது. அது மாட்டாமல் போனால் ஆள் நழுவி விழுவார். நானே பெண்ணுடையதை இழுத்துப் பார்த்தேன். "அம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றாள். பார்க்கட்டுமே.

"தௌடோ! தௌடோ!" ஓடு, ஓடு என்று கத்துகிறார்கள். இங்கே உட்கார்ந்துவிடவும் கூடாது, குதிக்கவும் கூடாது. சரிவில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழெட்டு அடி ஓடியிருப்பேன், கால் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது!

மேலே சத்தமே இல்லை. கயிறுகளில் காற்று உரசும் மெல்லிய சீழ்க்கை மட்டும். பெண்ணின் மஞ்சள் சிறகு எனக்கு முன்னால், கொஞ்சம் கீழே. அவள் சிரிப்பது கேட்டதா, நான் நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. திடீரென்று லிஃப்டில் போகிற மாதிரி மேலே தூக்கியது. வெயில் பட்டுச் சூடான நிலத்திலிருந்து காற்று தூண் மாதிரி மேலெழும்புமாம், அதில் வட்டமடித்தால் உயரலாமாம். பைலட் விரலை நீட்டினார். பக்கத்தில், இறகு இறகாக எண்ணும் தூரத்தில், எட்டடிக்குக் குறையாத சிறகை விரித்து ஓர் இமயமலைப் பிணந்தின்னிக் கழுகு! அதுவும் அதே காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. சிறகை ஒரு தடவைகூட அடிக்கவில்லை.

சமவெளியில் இதன் இனத்தார் 1990-களில் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் காரணம். அந்த மாடு செத்து அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். நமக்கு மூட்டுவலிக்கு எழுதிக் கொடுக்கிற அதே மருந்துதான்.

அந்தக் கழுகை நான் படம் எடுக்கவில்லை. கழுத்தில் மாட்டிய கேமரா வார் கயிற்றில் சிக்கும் என்று பைலட் அதைப் பைக்குள் போட்டுவிட்டார். செல்போன் எடுப்பதானாலும் மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும்.

இருபது நிமிஷத்தில் பீர் வயல் ஓரம் வந்து இறங்கினோம். "காலைத் தூக்குங்கள்" என்றார், தூக்கினேன், புல்லில் சறுக்கி உட்கார்ந்தேன். கொஞ்சம் காது அடைத்தது, எச்சில் விழுங்கியதும் சரியாகிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டுப் போனால் குமட்டும். இரண்டு பிஸ்கட் போதும். கர்ப்பிணிகள், முதுகுத் தண்டுவடத்தில் கோளாறு உள்ளவர்கள், இதய நோயாளிகள் கீழே நின்று படம் எடுக்கலாம், பறக்க வேண்டாம். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்தில் இமாசலத்தில் பறப்பதற்கே தடை. அந்த நாளில் யாராவது கூப்பிட்டால், அவரிடம் பேச்சு வைத்துக்கொள்ளவே வேண்டாம். அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும்.

திரும்பும் வழியில் பைஜ்நாத் கோயிலில் இறங்கினோம். 1204-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உள்ள சிவன் கோயில். சுவாமி பெயர் வைத்தியநாதர், நம் வைத்தீஸ்வரன் கோயில் சுவாமியேதான். ராவணன் சிவபக்தன் என்பதால் இந்த ஊரில் தசராவுக்கு அவன் பொம்மையை எரிப்பதில்லையாம். பிராகாரத்தில் உட்கார்ந்து பெண் அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அம்மா முதல் நாள் விடலைப்பா, காத்து சரியில்லைன்னு. அடுத்த நாள்தான் பறந்தோம்" என்று ஆரம்பித்து, ரிப்பன், ரிசர்வ், தொடை பெல்ட் என்று ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே போனாள். நான் கோபுரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கிளிகளைப் படம் எடுக்கப் போய்விட்டேன்.